நான்காம் கதவும் செவ்வாய்ச் சிரிப்பும்

மாலை ஏழு மணி அடித்ததும் நிலவூரில் எல்லா வீட்டிலும் குடும்பத்தோடு வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். திரையில் நகைச்சுவைத் தொடர் வரப்போகிறது என்று பொருள்.

வாய்ப்பட்டை என்பது மூன்று விரல் அகலத்தில் ஒரு ரப்பர் நாடா. கைக்குழந்தைக்கும் அதன் அளவில் உண்டு, பூப்போட்டது. சந்திரனில் பாறையைச் சுட்டுத்தான் உயிர்வளி எடுக்க வேண்டும். ஒருவர் வாய்விட்டுச் சிரித்தால் பதினோரு சாதாரண மூச்சுக்கான காற்று போய்விடும் என்று வளி வாரியம் கண்டுபிடித்திருந்தது. வயிறு குலுங்கினால் இருபத்து நான்கு. பக்கத்தில் இருப்பவர் தொடையில் தட்டிச் சிரித்தால், தட்டு வாங்கியவரின் பெருமூச்சும் சேர்ந்து முப்பது. ஆகவே ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு வளிமானி. முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் மணியடிக்கும். சிரித்தவர் மறுநாள் வாரியத்துக்குப் போய் அரை நாள் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும்.

இந்தச் சட்டத்தால் நிலவூரில் ஒரு தனி நகைச்சுவையே வளர்ந்தது. யாரும் வழுக்கி விழ மாட்டார்கள். ஒருவர் ஒரு வார்த்தை சொல்வார். இன்னொருவர் பதில் சொல்லாமல் பார்ப்பார். பார்க்கிறவர்களுக்கு மூக்கு மட்டும் லேசாக விடைக்கும். எந்தத் தொடரும் ஆறு வாரத்துக்கு மேல் கிடையாது. அதற்கு மேல் மூக்கையும் நம்ப முடியாது என்பது வாரியத்தின் கருத்து.

அந்த வகையில் தலைசிறந்தது ‘நான்காம் கதவு’. எழுதியவர் அங்கயற்கண்ணி. பகலில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மேற்பார்வையாளர், மாலையில் எழுத்தாளர். இரண்டும் ஒரே வேலைதான் என்பார்.

கதை எளியது. குடியிருப்பை விட்டு வெளியே போகும் நான்காம் கதவுக்குக் கருணாகரன் என்று ஒரு காவலர். முப்பது வருடமாக மற்றவர்களுக்குத் திறந்து திறந்து மூடுகிறார். தான் ஒரு தடவைகூட வெளியே போனதில்லை. வாராவாரம் விண்ணுடுப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார். வாராவாரம் ஏதாவது தடுக்கும். ஒரு வாரம் படிவம் தீர்ந்திருக்கும். இன்னொரு வாரம், தலைக்கவசத்தை மாட்டிய பிறகு மூக்கு அரிக்கும். ஆறாவது வாரம் கதவின் பிடியில் கையையே வைத்துவிட்டார். பின்னாலிருந்து மேலதிகாரியின் குரல்: “கருணாகரன், ஒரு நிமிஷம்.”

அத்தோடு தொடர் முடிந்தது. ஒன்பது வருடம் ஆயிற்று. கல்யாணப் பந்தியிலும் குளியல் வரிசையிலும் அங்கயற்கண்ணியைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: “போனாரா, இல்லையா?”

ஏழாவது வாரத்தை அவர் அப்போதே எழுதிப் பெட்டியில் வைத்திருந்தார். இரண்டாவது ஆறு வாரத்துக்கு வாரியம் காற்று ஒதுக்கவில்லை. அறுபத்தொரு வயதில் அவருக்கு வேறு குறை எதுவும் கிடையாது; இந்த ஒரு கதவு திறக்க வேண்டும்.

அப்போதுதான் செவ்வாயிலிருந்து தொடர் தயாரிப்பாளர் ஜோயல் மருதப்பன் வந்து இறங்கினார்.

செவ்வாயில் காற்றுக்குக் குறைவில்லை. துருவத்துப் பனியை உடைத்து உயிர்வளியை வேண்டிய மட்டும் எடுக்கிறார்கள். காலை வணக்கம் சொன்னாலே சிரிப்பார்கள். ஜோயலும் சிரித்துக்கொண்டேதான் அங்கயற்கண்ணியின் வீட்டுக்குள் வந்தார். சுவரில் மணியடித்தது. அதற்கும் சிரித்தார்.

“ஆன்ட்டி, உங்க தொடரைப் பார்த்துட்டு எங்க ஆபீஸே அழுதுருச்சு!”

“அது நகைச்சுவைத் தொடர், தம்பி.”

“அதேதான் ஆன்ட்டி! அதைச் சிரிக்கிற மாதிரி மாத்தலாம்னுதான் வந்திருக்கோம். ஒரே ஒரு டவுட். இந்தக் கருணாகரன் ஏன் வெளிய போகவே மாட்டேங்கிறாரு?”

“போயிட்டா கதை முடிஞ்சிடுமேப்பா.”

“எங்க ஊர்ல முதல் வாரமே போயிடுவாரு. போனதும் ஒரு பாட்டு. அப்புறம் வாராவாரம் போவாரு. இருநூறு வாரம்!”

“இருநூறு வாரம் வெளிய போய் என்ன பண்ணுவாரு?”

“கட்டிப்பிடிப்பாரு. ஒவ்வொரு வாரக் கடைசியிலயும் எல்லாரும் எல்லாரையும் கட்டிப்பிடிப்பாங்க.”

“விண்ணுடுப்போடயா?”

“மனசு முக்கியம் ஆன்ட்டி.”

பக்கத்தில் கருணாகரனாக நடித்த சடகோபன் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்து மூன்று வயது. எட்டாக மடித்துப் பையில் வைத்த காகிதம் போல முகம். “அப்ப என் வேஷம்?” என்று கேட்டார்.

ஜோயல் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நீங்க ஒரிஜினல் சார். உங்களைக் கும்பிடணும்.”

சடகோபன் அங்கயற்கண்ணி பக்கம் திரும்பி, “முடி இருக்கிற பையனைப் போடறாங்க அக்கா” என்றார்.

“இது புதுசில்லை ஆன்ட்டி” என்றார் ஜோயல். “அந்தக் காலத்துல பூமியிலயே, பிரிட்டன்ல ஆறு வாரம் ஓடின சிரிப்பு நாடகத்தை அமெரிக்காக்காரங்க வாங்கிட்டுப் போய் ஒன்பது வருஷம் ஓட்டுவாங்களாம். மழையில நனைஞ்சவனைக் கொண்டுபோய் வெயில்ல நிறுத்தின மாதிரி.”

“காஞ்சா சுருங்காதா?”

ஜோயல் அதற்கும் சிரித்தார். மணியடித்தது.

தொடரைத் தங்கள் பாணியில் மறுபடி எடுக்கும் உரிமைக்குச் செவ்வாய் தருவதாகச் சொன்னது முந்நூறு உருளை உயிர்வளி. வளி வாரிய ஆணையர் திருவேங்கடம் தாமே வந்து வாக்குக் கொடுத்தார்: “அந்தக் காத்து வந்து சேரட்டும்மா. ரெண்டாவது ஆறு வாரம் உங்களுக்குத்தான்.” அங்கயற்கண்ணி கையெழுத்துப் போட்டார்.

மறு வருடம் காற்றும் வந்தது, செவ்வாய்த் தொடரும் வந்தது. நன்றிக்கடனாக வாரியம் முதலில் பழைய ஆறு வாரத்தையும் மறுபடி போட்டுவிட்டு, அதன் பிறகு புதியதைத் தொடங்கியது. செவ்வாய்ச் சரக்கு காரமாக இருக்கும் என்று பயந்து பல வீடுகளில் இரட்டைப் பட்டை கட்டிக்கொண்டார்கள்.

திரையில் கருணாகரன் வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றினாலும் கலையாத முடி. கதவைத் திறந்தார். உடனே பத்தாயிரம் பேர் இடி இடித்தாற்போல் சிரித்தார்கள். நிலவூர் நடுங்கிப்போய் வளிமானியைப் பார்த்தது. முள் இருந்த இடத்திலேயே இருந்தது.

அங்கயற்கண்ணி வீட்டில் சடகோபன் பட்டையை இறக்கினார். “யாருக்கா சிரிக்கிறது?”

“செவ்வாய்க்காரங்க. அங்கேயே சிரிச்சுப் பதிவு பண்ணி அனுப்பியிருக்காங்க.”

“எதுக்குச் சிரிக்கிறாங்க?”

“கதவு திறந்துச்சுல்ல, அதுக்கு.”

மூன்றாவது வாரம் ஒருவரும் பட்டை கட்டவில்லை. தேவைப்படவில்லை. சாப்பிட்டுக்கொண்டு பார்த்தார்கள், துணி மடித்துக்கொண்டு பார்த்தார்கள், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டும் பார்த்தார்கள். அங்கயற்கண்ணிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. செவ்வாய்த் தொடர் படுத்துவிட்டது; இனி ஏழாவது வாரத்தை யார் தடுப்பார்கள்? ஆணையர் கூப்பிட்டனுப்பியதும் நல்ல புடவை கட்டிக்கொண்டு, பெட்டியிலிருந்த காகிதங்களோடு போனார்.

திருவேங்கடம் மேசை மேல் ஒரு வரைபடத்தை விரித்தார். முதல் பாதியில் கோடு மலை மலையாக ஏறி இறங்கியது.

“இது உங்க பழைய ஆறு வாரம்மா. பட்டையை மீறி மூக்கால சிரிச்சிருக்காங்க. வசனம் மனப்பாடம் வேற. கருணாகரன் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே சிரிச்சிருக்காங்க.”

“அப்ப செவ்வாய்க்காரங்க குடுத்த முந்நூறு உருளை?”

“இந்த ஆறு வாரமே குடிச்சுடுச்சு.”

பிறகு வரைபடத்தின் அடுத்த பாதியை ஆசையாகத் தடவினார். அங்கே கோடு சிமெண்டுத் தரை போலக் கிடந்தது. “இது செவ்வாய். வீடெல்லாம் சிரிப்புச் சத்தம், ஒரு மூச்சு கூடுதலா போகலை. இப்படி ஒரு நகைச்சுவை நம்ம ஊருக்கு அமைஞ்சதே இல்லைம்மா. இருநூறு வாரமும் போடறோம். முடிஞ்சா மறுபடி முதல்லேர்ந்து.”

அங்கயற்கண்ணி யோசித்தார். “என் தொடருக்கும் அந்தப் பதிவுச் சிரிப்பைச் சேர்த்துட்டா?”

“உங்களுக்கு எதுக்கும்மா அது? ஜனங்களே சிரிச்சுடறாங்களே. அதானே பிரச்சினை.”

மூலக்கதையின் தாய் என்று ஒரு பொன்னாடையைப் போர்த்தி அனுப்பிவைத்தார்.

அவர் நேராக உணவுக்கூடத்துக்குப் போனார். சடகோபன் பாசிக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பொன்னாடையைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“போகட்டும் அக்கா. எனக்கு மட்டுமாவது சொல்லுங்க. போனேனா, இல்லையா?”

“போனே. மேலதிகாரி கூப்பிட்டாரில்ல, ‘வெளிய போறீங்களா, போயிட்டு வாங்க’ன்னு சொல்றதுக்குத்தான் கூப்பிட்டாரு. போறே. நாலு அடி நடக்கறே. சுத்திப் பார்க்கறே. ‘இவ்வளவுதானா’ங்கறே. திரும்பி வந்து கதவைத் தட்டறே.”

“ம்.”

“வெளிய காத்தில்லை, சத்தமில்லை. தட்டறே, தட்டறே. உள்ளேருந்து திறக்க வேண்டிய ஆள் யாரு?”

சடகோபன் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு அந்த மடிந்த முகம் விரிந்தது. முப்பது வருட நடிப்பில் ஒருவரும் கேட்டிராத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. கஞ்சி கவிழ்ந்தது. மணியடித்தது. கூடத்தில் இருந்தவர்கள் ஓடிவந்து “என்ன, என்ன?” என்று சடகோபனைக் கேட்டார்கள். சொன்னார். இரண்டாவது மணியும் அடித்தது.

ஏழாவது வாரம் அப்படித்தான் வெளியாயிற்று. குளியல் வரிசையில், பள்ளிக்கூடத்தில், மருத்துவமனையில், கடைசியில் வாரியத்தின் வாசலிலேயே ஒருவர் ஒருவருக்குச் சொல்ல, பத்து நாள் ஊரெல்லாம் மணியோசை. திருவேங்கடம் தூங்கவில்லை. தொடரைத் தடுக்கலாம், வாயை எப்படித் தடுப்பது? கடைசியில் ஒரு கருவியைக் கண்டுபிடித்தார். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஒரு சிரிப்புப் பொத்தான். யாராவது வேடிக்கையாக எதையாவது சொன்னால் நீங்கள் சிரிக்க வேண்டியதில்லை, அழுத்தினால் போதும். சொன்னவர் காதில் செவ்வாயின் பத்தாயிரம் பேர் சிரிப்பார்கள்.

இரண்டே வருடத்தில் ஊர் பழகிவிட்டது. உம்மென்ற முகத்தோடு எல்லோரும் ஒரு விரலால் சிரித்தார்கள். மிகவும் பிடித்துப்போனால் மூன்று தடவை அழுத்தினார்கள். அங்கயற்கண்ணியின் எழுபதாம் பிறந்தநாளன்று அவர் காதில் நாலு லட்சம் சிரிப்பு வந்து சேர்ந்தது. அன்று நிலவூரில் ஒரு முள்கூட அசையவில்லை.

ஓய்வுபெறும் முன் திருவேங்கடம் அந்தப் பொத்தானுக்குக் காப்புரிமை கேட்டுப் பூமிக்கு எழுதினார். வந்த பதிலை எடுத்துக்கொண்டு, முகம் தொங்கிப்போய், அங்கயற்கண்ணி வீட்டுக்கே வந்தார்.

“தர முடியாதுன்னுட்டாங்கம்மா. இது புதுசில்லையாம். இருபத்தோராம் நூற்றாண்டுலயே பூமியில ஒவ்வொருத்தர் பையிலயும் இருந்துச்சாம். மாதிரியும் வச்சிருக்காங்க, பாருங்க.”

மாதிரியில் மஞ்சளாக ஒரு வட்ட முகம், சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் தெறிக்க. கீழே, அதை அனுப்பிக்கொண்டிருந்தவர்களின் படம். ரயிலில், அலுவலகத்தில், கல்யாண மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாயும் திறந்திருக்கவில்லை.

அங்கயற்கண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “பாவம். அப்ப பூமியில காத்துக்கு அவ்வளவு பஞ்சமா?”

ஆணையர் கடிதத்தைத் திருப்பித் தேடிப் படித்தார். “இல்லைம்மா. வேண்டிய மட்டும் இருந்திருக்கு. இலவசமா.”

சுவரில் மணியடிக்க ஆரம்பித்தது. அது வெகுநேரம் நிற்கவில்லை. அங்கயற்கண்ணி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி நழுவ, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

திருவேங்கடம் அவர் முகத்தையே பார்த்தபடி, மரியாதைக்காகத் தன் பொத்தானை ஒரு தடவை அழுத்தினார்.