மொத்தமாக மூன்று வயிறு

பள்ளியில் அவளுக்குப் 'பேரம்' என்றுதான் பெயர். அப்பாவின் குடைக்கடையிலேயே வளர்ந்தவள். வீட்டுப்பாடத்தைக்கூட டீச்சரிடம் கொஞ்சம் குறைத்துக் கேட்டுப் பார்ப்பாள்.

பக்கத்தில் உட்காருபவன் பஞ்சு. குரல் அவ்வளவு மெது. காலையில் பள்ளி வாசலைப் பார்த்தாலே அவனுக்கு வயிறு வலிக்கும். வயிற்று டாக்டர் தட்டிப் பார்த்துவிட்டு, "வயித்துல ஒண்ணுமில்லை. மனநல டாக்டரைப் பாருங்க" என்றுவிட்டார்.

மனநல டாக்டரம்மா மாதம் ஒருமுறைதான் பள்ளிக்கு வருவார். ஊரில் குழந்தைகளுக்கென்று அவர் ஒருவர்தான். பள்ளிகளோ ஏராளம்.

இன்று பஞ்சுவுக்குத் துணையாகப் பேரமும் டாக்டரம்மாவின் அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு முன்னால் இன்னும் இருவர்: மேல்வகுப்பு நெட்டையன் ஒருவன், ரெட்டைச்சடை ஒருத்தி. கடைசி மணி அடிக்கக் கொஞ்ச நேரமே இருந்தது.

"என் முறை வராது," என்றான் பஞ்சு. "அடுத்த மாசம் வரைக்கும் என்னால தாங்க முடியாது. நாளையிலிருந்து நான் பள்ளிக்கூடமே வரலை."

பேரத்துக்குச் சுருக்கென்றது. நெட்டையனிடம் திரும்பினாள்.

"அண்ணே, ரகசியம் எதுவும் வேணாம். எங்கே வலிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

"வயிறு. காலையில."

"எனக்கும்!" என்றாள் ரெட்டைச்சடை.

"அட, ஒரே சரக்கு!"

மூவரிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டு பேரம் கதவைத் தட்டினாள்.

"டாக்டர், மூணு வயிறு இருக்கு. மொத்தமா எடுத்துக்குவீங்களா?"

டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இது என்ன, சந்தையா?"

"சந்தையில நிறையக் கடை இருக்குமே டாக்டர். இங்கே நீங்க ஒருத்தர்தானே?"

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, மூணு பேரும் வாங்க. உள்ளே பேசுறது உள்ளேயே இருக்கணும். தனியா சொல்ல வேண்டியது இருந்தா, கடைசியில தனியா கேட்கிறேன்."

பேரமும் ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"நீ எங்கே வர்றே? உனக்கு வயிறு வலிக்கலையே!"

"லேசா வலிக்கிற மாதிரி..."

"தரகருக்கு வெளியிலதான் இடம்!"

கதவு மூடியது. பேரம் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். பிறகு, "உங்களுக்கும் அப்படியா?" என்று பஞ்சுவின் குரல் கேட்டது. கதவைத் தாண்டிக் கேட்டது! பேரம் காலை ஆட்டிக்கொண்டே காத்திருந்தாள்.

மறுநாள் காலை, பள்ளி வாசலில் பஞ்சு நின்றிருந்தான். ஒரு பக்கம் நெட்டையன், மறுபக்கம் ரெட்டைச்சடை.

"வயிறு எப்படி?" என்று கேட்டாள் பேரம்.

"வலிக்குது. ஆனா பாதிதான்."

பேரம் விடுவாளா?

"பாதியா? இன்னும் கொஞ்சம் குறைச்சுச் சொல்லு!"