யாரும் தொடாத பொத்தான்

குமிழிகள் திடீரென்று நின்றபோது, ஹெட்டி சமையலறை ஜன்னலோரம் நின்று டோஸ்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

கத்தி பாதியில் நின்றது. பின்முற்றத்தில் அதுவரை குடுகுடுவென்று குமிழிவிட்டு இரைந்துகொண்டிருந்த வெந்நீர்த் தொட்டி கப்சிப் என்று ஆகிவிட்டது.

"எதுக்கு ஹெட்டி நிறுத்துன?" சோபாவில் படுத்திருந்த தம்பி ரோரி கேட்டான்.

"நான் இங்கதானடா நிக்கிறேன்."

"அப்ப யாரு நிறுத்துனது?"

ஹெட்டி ஜன்னல் கண்ணாடியைக் கையால் துடைத்துவிட்டு வெளியே பார்த்தாள்.

ஜூன் மாதம், அந்தத் தென்கோடி ஊரில் நடுக் குளிர்காலம். நியூ நார்ஃபோக்கில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஆற்றிலிருந்து கிளம்பிய பனிமூட்டம் வேலியைத் தாண்டி, துணிக்கொடியை விழுங்கி, தொட்டிவரை வந்துவிட்டது. எங்கோ ஒரு ப்ளோவர் பறவை யாரையோ திட்டுவதுபோல் கத்தியது.

தொட்டியின் சிறு பொத்தான் பலகையில், வேண்டிய சூட்டைக் காட்டும் முப்பது என்ற எண் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. ஹெட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது முப்பத்தொன்றானது. முப்பத்திரண்டானது. அப்படியே ஏறிப்போய் முப்பத்தேழில் நின்றது. யாரோ நிதானமாக, ஒவ்வொரு தடவையாகப் பொத்தானை அமுக்கியது போல இருந்தது.

பக்கத்தில் ஈ காக்கை இல்லை.

ரோரி சோபாவிலிருந்து மெதுவாக இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். மூடியின் ஓரத்திலிருந்து கசிந்த வெண்புகை பனியோடு கலந்து மேலே எழும்பியது. தலையும் தோளுமாக ஒரு ஆள் எழுந்து நிற்பதுபோல் இருந்தது.

"ஹெட்டி," என்றான் ரோரி மிக மெல்லிய குரலில். "உள்ள யாரோ இருக்காங்க."

அந்தத் தொட்டியே ரோரிக்காக வாங்கியதுதான். அவனுக்கு ஆறு வயது. குளிர் வந்தால் அவன் முழங்கால்கள் வீங்கி, காலையில் மடங்கவே மடங்காது. தினமும் பள்ளிக்கூடம் போவதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் உட்காரவைத்தால் நல்லது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வீட்டுக் குளியலறையிலோ நிற்க மட்டுமே இடம். அதனால்தான் காற்றடித்து நிறுத்தும் இந்தப் பழைய தொட்டியை அம்மா ஒருவரிடமிருந்து வாங்கினாள்.

முதல் இரண்டு காலையும் ரோரி பல் கிடுகிடுக்க வெளியே வந்தான். பிறகு என்ன மாயமோ, நீர் இதமாகச் சூடேறியிருந்தது. அவன் முழங்கால்கள் மடங்கின. பள்ளிக்கூடப் பேருந்தில் தானே ஏறினான். இனிக் கவலையில்லை என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

அந்த மாயம் எப்படி நடக்கிறது என்பதை இப்போதுதான் பிள்ளைகள் இருவரும் கண்ணால் பார்த்தார்கள்.

மறுநாள் காலை நிலைமை இன்னும் மோசமானது. தொட்டியின் ஒரு பக்கச் சுவர் சப்பிப் போயிருந்தது. கனத்த ஆள் ஒருவன் இரவெல்லாம் அதன்மேல் உட்கார்ந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

"நான் வரல!" ரோரி கதவு நிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"தண்ணி நல்லா சூடா இருக்குடா செல்லம். அம்மா பக்கத்துலயே உக்காந்திருக்கேன்," என்று அம்மா கெஞ்சினாள்.

"அது பேயோட தொட்டி. பேய் போட்ட சூடு. எனக்கு வேணாம்."

அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவன் அசையவில்லை. அன்று காலுறையைக்கூட ஹெட்டிதான் மாட்டிவிட்டாள். அடுத்த நாள் கட்டிலை விட்டு இறங்கவே முடியாமல் அழுதான். பள்ளிக்கூடமும் போகவில்லை. 

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தானா ஓடுற மிஷின்னா எனக்கும் பயமாத்தான் இருக்கு. பேய் கீய்னு இல்ல, கோளாறு ஏதாவது இருக்கும். எப்படியும் இவன் இறங்கப்போறதில்ல. சனிக்கிழமை தண்ணிய வடிச்சிட்டு வேற யாருக்காவது குடுத்துடலாம்."

"அப்புறம் இவன் காலு?"

அம்மா சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

ஹெட்டிக்கு வயது பதினொன்று. பேய்க்கு அவளும் பயந்தவள்தான். ஆனால் தம்பியின் அழுகை அந்தப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவின் கம்பளி மேலங்கியை எடுத்துப் போர்த்திக்கொண்டு, ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்முற்றத்துக்குப் போனாள்.

"போகாத ஹெட்டி!" ஜன்னலுக்குப் பின்னாலிருந்து ரோரி கத்தினான். "இழுத்து உள்ள போட்டுடும்!"

"மூடி பூட்டியிருக்குடா. நீ அங்கேயே நின்னு பாரு. ஏதாவது ஆச்சுன்னா அம்மாவுக்குப் போன் பண்ணு."

பனி அவள் கால்களைச் சுற்றி ஏறியது. வீட்டு விளக்கு மங்கலான மஞ்சள் திட்டாகத் தெரிந்தது. ஹெட்டி வழக்கம்போலச் சூட்டை முப்பதில் வைத்தாள். குமிழிப் பொத்தானையும் அமுக்கினாள். 'குமிழி விட்டாத்தான் தண்ணி கலந்து சீக்கிரம் சூடாகும்' என்பது அம்மாவின் கணக்கு.

அவள் காத்திருந்தாள். மூக்கு நுனி மரத்துப்போனது.

டக்.

குமிழிகள் நின்றன. அவள் கண்ணெதிரே, கைக்கு எட்டும் தூரத்தில், யாரும் தொடாமலே நின்றன. எண் ஏற ஆரம்பித்தது. அவள் பிடரி முடி சிலிர்த்தது. ஓடிவிடலாமா என்று கால்கள் கேட்டன. ஸ்டூலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"யா... யாரு?"

மோட்டார் மட்டும் மெல்ல முனகியது.

அவள் மறுபடி குமிழிப் பொத்தானை அமுக்கினாள். குமிழிகள் வந்தன. கொஞ்ச நேரத்தில் டக் என்று நின்றன. மறுபடி அமுக்கினாள். மறுபடி நின்றன. இந்தத் தடவை வெடுக்கென்று நின்றன. எதிராளிக்குப் பொறுமை போய்விட்டது என்று தோன்றியது.

ஹெட்டிக்கும் பொறுமை போய்விட்டது. "என்னதான் வேணும் உனக்கு? நாங்க என்ன பண்ணோம்? என் தம்பியால நடக்க முடியல, தெரியுமா?"

கத்தியதில் பயம் கொஞ்சம் இறங்கியது. பயம் இறங்கியதும் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

பயமுறுத்த நினைக்கிற பேய் நடு இருட்டில் குமிழிகளைக் கொப்பளிக்கவிடாதா? இது நிறுத்த மட்டுமே செய்கிறதே. சூட்டைக் குறைத்து விறைக்கவைக்காதா? இது கூட்ட மட்டுமே செய்கிறதே. ஹெட்டி மீண்டும் ஒருமுறை குமிழிகளை ஓடவிட்டு, பூட்டிய மூடியின் தளர்ந்த ஓரத்தைச் சற்றே தூக்கி விரலை நுழைத்துப் பார்த்தாள். உள்ளிருந்து வந்த காற்று குளிர்சாதனப் பெட்டியைத் திறந்த மாதிரி சில்லென்று அடித்தது. குமிழிகள் வெளியே இருக்கும் பனிக்காற்றை அல்லவா உறிஞ்சி நீருக்குள் ஊதுகின்றன! நீர் சூடாவதெங்கே, ஆறிப்போகிறது!

இந்தப் பேய்க்கு ஒரே ஒரு எண்ணம்தான். தண்ணீர் சூடாக இருக்கவேண்டும். அதுவும் காலைக்குள், ரோரி இறங்கும் நேரத்துக்குள் சூடாக இருக்கவேண்டும்.

ரோரி காலையில் இறங்குவான் என்று எந்தப் பேய்க்குத் தெரியும்?

தொட்டியை விற்ற மனிதரின் முகம் ஹெட்டிக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது. தாடிவைத்த, கதவை அடைக்கும் அளவு பெரிய ஆள். பெயர் மெர்வ். தன் வண்டியிலேயே கொண்டுவந்து, காற்றடித்து, தண்ணீர் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். 'யாருக்கு?' என்று கேட்டபோது ரோரி தன் முழங்கால்களைக் காட்டி, 'எனக்குத்தான், தெனமும் காலையில' என்றான். அதன்பிறகு அவர் போனை நோண்டிக்கொண்டே, 'வீட்டு வைஃபை பாஸ்வேர்ட் என்ன பாப்பா?' என்று கேட்டார். சமையலறையிலிருந்து கத்திச் சொன்னதே ஹெட்டிதான். போனிலிருந்தே இயக்கும் தொட்டி அது!

அம்மாவின் கார் வரும் சத்தம் கேட்டதும் அவள் பாய்ந்து ஓடினாள்.

"அம்மா! மெர்வ் நம்பர் இருக்கா?"

எல்லாவற்றையும் கேட்டதும் அம்மாவின் முகம் சிவந்தது. மேலங்கியைக்கூடக் கழற்றாமல் போனைப் போட்டு மேசைமேல் வைத்தாள். அதன் ஒலிபெருக்கியில் மணி அடித்தது.

"ஹலோ, மெர்வ்." பின்னணியில் லாரிகள் உறுமின.

"நாங்க தொட்டி வாங்குனவங்க. எங்க தொட்டிய நீங்கதான் ஓட்டிக்கிட்டு இருக்கீங்களா?"

"ஆமாங்க! எப்படி இருக்கான் சின்னவன்? கால் பரவால்லயா?" குரலில் கொஞ்சமும் குற்றவுணர்ச்சி இல்லை. "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. அந்தக் குமிழிய எதுக்குங்க போடுறீங்க? அதுவும் ஜூன் மாசத்துல! இன்னிக்கு யாரோ விடாம அமுக்கிக்கிட்டே இருந்தாங்க. எனக்கு ரத்தம் கொதிச்சுது."

"அது நான்தான்," என்றாள் ஹெட்டி.

"என் பிள்ளைங்க பேய்னு நெனச்சு நடுங்கிக்கிட்டு இருக்காங்க!" அம்மா வெடித்தாள். "சின்னவன் தண்ணியில இறங்கவே மாட்டேங்கிறான்!"

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்பட, லாரிச் சத்தம் அமுங்கியது.

"ஐயோ," என்றார் மெர்வ். குரல் சுருங்கிப்போயிருந்தது. "உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். சத்தியமா. நீங்க இறங்கும்போது குமிழி போட்டுக்கோங்க, அதுக்கு முன்னாடி எதுக்குன்னுதான்... அன்னிக்கே தொட்டி ஆப்ப உங்க போனுக்கு மாத்திவிட்டிருக்கணும். அவசரத்துல மறந்துட்டேன். மறுநாள் என் போன்லேருந்து எடுக்கலாம்னு தெறந்தா, தண்ணி இருபத்தாறுன்னு காட்டுது. அந்தச் சின்னக் கால இருபத்தாறுல வைக்கிறதா? மனசு கேக்கல. அப்புறம் தெனமும் டீ குடிக்கிற நேரத்துல..."

ரோரி மேசையைப் பிடித்துக்கொண்டு போனுக்கு மிக அருகில் வந்தான்.

"நீங்க செத்துட்டீங்களா?"

"இன்னும் இல்லடா கண்ணா. களைச்சுப்போயிருக்கேன், அவ்வளவுதான்."

"அப்ப தொட்டிமேல யாரு உக்காந்தது? சப்பிப்போச்சே."

"குளிருடா. குளிர் வந்தா உள்ள இருக்கிற காத்து சுருங்கிடும். அக்காவ ரெண்டு அடி காத்து அடிக்கச் சொல்லு, நிமிர்ந்துக்கும்."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"பில்பரால, நாட்டோட மறுகோடியில, வேலைக்கு வந்திருக்கேன். இரும்புச் சுரங்கம். இங்க பனியும் கெடையாது, ஆறும் கெடையாது. செம்மண்ணும் தகரக் கொட்டாயும்தான்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மன்னிச்சிடுங்கம்மா. கேக்காம செஞ்சது தப்பு. இப்பவே என் போன்லேருந்து எடுத்துடறேன்."

"எடுத்துடுங்க," என்றாள் அம்மா.

அவர் சரியென்று சொன்ன விதம் ஹெட்டியை என்னவோ செய்தது. எங்கேயோ ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, தன் ஊர்த் தண்ணீர் சூடாகிற எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும் பெரிய மனிதர் அவள் கண்முன் வந்தார்.

"அம்மா, உன் போன்லயும் வைக்கலாம். அவர் போன்லயும் இருக்கட்டுமே," என்றாள். "ஆனா பொத்தான அமுக்குறதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் அனுப்பணும். திருட்டுத்தனமா அமுக்கக் கூடாது."

"அவரு சூடுதான் எனக்கு நல்லா இருந்துச்சு," என்றான் ரோரி. "உங்க முப்பது வேணாம்."

அம்மா இருவரையும் பார்த்தாள். கோபத்தைப் பிடித்துவைக்க முயன்றாள், முடியவில்லை.

"மெசேஜ் அனுப்பாம ஒரு குமிழி நின்னாலும், விமானம் ஏறி அங்கேயே வந்துடுவேன்," என்றாள் போனிடம்.

"வந்தீங்கன்னா கொஞ்சம் பனி கொண்டுவாங்க," என்றார் மெர்வ்.

சனிக்கிழமை தொட்டி போகவில்லை. ஹெட்டி காற்றடித்ததில் சப்பிப்போன சுவர் விறைப்பாக நிமிர்ந்தது.

திங்கட்கிழமை காலை. இன்னும் விடியவில்லை. பனிமூட்டம் முன்னைவிட அடர்த்தியாக முற்றத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அம்மா மூடியைத் திறந்ததும் வெண்புகை எழும்பி, தலையும் தோளுமாக ஆடியது. ரோரி ஒரு அடி பின்வாங்கினான். ஹெட்டியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

அம்மாவின் போன் 'டிங்' என்றது. அவள் வாசித்தாள். "'முப்பத்தேழு. கால வை, சின்னவனே.'"

ரோரி புகையையே முறைத்துப் பார்த்தான். பிறகு ஒரு காலை வைத்தான். மறு காலையும் வைத்தான். கழுத்துவரை அமிழ்ந்து, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டான்.

அவனை வெளியே எடுப்பதற்குள் அம்மாவுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. துடைத்து, சட்டை மாட்டி, பையைத் தோளில் போடும்போது தெருமுனையில் பேருந்து ஹார்ன் அடித்தது.

"போச்சு, விட்டுட்டோம்!" என்றாள் ஹெட்டி.

"விடல!" என்றான் ரோரி. கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தான். பனி அவனை அப்படியே விழுங்கிவிட்டது. அவன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.