மாமியார் உருகிய காலை

செல்போன் அலறியது.

டாக்டர் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாயில் நுரையோடு எடுத்தாள்.

"டாக்டரம்மா... மாமியார் செத்துட்டாங்க." ஆய்வகத்தைக் கூட்டிப் பெருக்கும் பெண்மணியின் குரல்.

பதற வேண்டாம்! டாக்டருக்குக் கல்யாணமே ஆகவில்லை. மாமியார் என்பது ஆய்வகத்தின் ராட்சத ஃப்ரீசர். எந்நேரமும் முணுமுணுக்கும்... திறந்தால் மூஞ்சியில் அடிக்கும் குளிர். யாரோ வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது.

டாக்டர் மார்பகப் புற்றுநோய் சர்ஜன். பன்னிரண்டு வருஷமாக அவள் வெட்டி எடுத்த ஒவ்வொரு கட்டியிலிருந்தும் ஒரு துணுக்கு மாமியாரின் வயிற்றில் உறைந்து கிடந்தது. எந்தக் கட்டிக்கு மார்பையே எடுக்க வேண்டும், எதற்குக் கட்டியை மட்டும் எடுத்தால் போதும்... அதைத் துணுக்கைப் பார்த்தே சொல்லிவிடும் பரிசோதனைதான் அவள் ஆராய்ச்சி. அடுத்த வாரம் எல்லாத் துணுக்குகளும் மெஷினுக்குள் போக வேண்டும். உருகினால் ஆராய்ச்சி அம்பேல் என்பது மருத்துவமனை முழுக்கப் பேச்சு!

உருகிவிட்டன.

இன்ஸ்பெக்டர் வந்ததும் பிணம் எங்கே என்றார். டாக்டர் ஃப்ரீசரைக் காட்டினாள். மனிதர் முகம் தொங்கிப்போனது. ஆனால் சுவரிலிருந்து பிடுங்கப்பட்ட ப்ளக்கையும், அணைத்து வைத்திருந்த அலாரத்தையும் பார்த்ததும் மீசை மறுபடி நிமிர்ந்தது.

"கொலைதான்" என்றார் சந்தோஷமாக.

யார் மேல் சந்தேகம்? மருத்துவமனையே ஒரே குரலில் பெரிய டாக்டரைச் சொன்னது. காலம் பூராவும் கட்டி என்றால் மார்போடு எடுத்தே பழகியவர். இந்தப் பரிசோதனை வந்தால், அவர் எத்தனை பேருக்கு வீணாக எடுத்தார் என்பது வெட்ட வெளிச்சமாகிவிடும். போதாதா?

டாக்டரின் தங்கை ஒரு மூலையில் வீங்கிய கண்களோடு நின்றாள். ஆய்வகப் பொறுப்பாளர் அவள்தான். அக்கா வெட்டித் தருவதைக் குழாயில் அடைத்து, எண் ஒட்டி, உறைய வைப்பவள்.

டாக்டர் ஃப்ரீசர் கதவைத் திறந்தாள். ஒரு குழாயை எடுத்து ஆட்டினாள். உள்ளே தண்ணீர் அலைந்தது.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கோபமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது.

குழாயைத் திரும்ப வைக்கும்போதுதான் கீழே பார்த்தாள்.

தரையில் ஒரு பழைய டர்க்கி டவல்! மூன்றாக மடித்து, ஒரு முனையை மட்டும் ஃப்ரீசருக்கு அடியில் சொருகி... ஊறிப்போய்க் கிடந்தது. கூட்டிப் பெருக்கும் பெண்மணியைக் கேட்டாள். தான் போடவில்லை, வரும்போதே கிடந்தது என்றாள்.

கொலையும் பண்ணிவிட்டு, தரை ஈரமாகாமல் துண்டும் விரித்துவிட்டுப் போகிற கொலைகாரன் யார்?

டாக்டருக்குத் தெரியும். வீட்டில் ஃப்ரிட்ஜைக் கழுவ அணைக்கும்போதெல்லாம் அந்தத் துண்டை, அந்த மடிப்பைப் பார்த்திருக்கிறாள்.

"சார், அஞ்சு நிமிஷம் வெளிய இருக்கீங்களா?"

"பெரிய டாக்டரை அமுக்கிடவா?"

"வேணாம் சார். அவருக்குத் துண்டு மடிக்கத் தெரியாது."

இன்ஸ்பெக்டர் ஒன்றும் புரியாமல் வெளியேறினார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அக்காவும் தங்கையும் மட்டும்.

"ஏன்டி?"

தங்கை துண்டைப் பார்த்தாள். மறுக்க ஒன்றுமில்லை என்று புரிந்தது.

"காலையில பெருக்க வர்ற அந்தம்மா தண்ணி வழுக்கி விழுந்துடுவாங்களேன்னு..."

"நான் துண்டைக் கேக்கல."

தங்கையின் கை தானாக இடது பக்கம் போனது. எட்டு வருஷத்துக்கு முன்னால், வேறு எவரையும் தொட விடாமல், அக்காவே முழுசாக எடுத்த பக்கம்.

"என்னோட துணுக்கும் உள்ளதானேக்கா இருக்கு? அடுத்த வாரம் மெஷின்ல போட்டுட்டு, 'வீணா எடுத்துட்டேன்டி'ன்னு நீ வந்து நின்னா? இல்லாம இருக்கப் பழகிட்டேன். அதைக் கேக்கப் பழக முடியாதுக்கா. அப்புறம் உன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

அறைந்திருக்கலாம். கட்டிக்கொண்டிருக்கலாம். டாக்டர் இரண்டும் செய்யவில்லை. கை வரவில்லை.

"ஒவ்வொரு கட்டியிலயும் ரெண்டு துணுக்கு வெட்டுவேன். ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு ஊருக்கு அந்தக் கோடியில இருக்கற காலேஜ் ஃப்ரீசருக்கு."

தங்கை நிமிர்ந்தாள். "என்கிட்ட சொல்லவே இல்லையே."

"கேன்சர்கிட்ட கத்துக்கிட்டது. அது என்னைக்கு ஒரே எடத்துல இருந்திருக்கு?"

"அப்ப... என்னோடது?"

"மெஷின் வந்ததும் அங்க இருந்த உன்னோடதைத்தான் முதல்ல போட்டேன். முடிவு வந்து ஒரு மாசமாச்சு. ஆராய்ச்சி முடியற வரைக்கும் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு விதி. அந்த விதியைப் போட்டதே நான்தான்."

வெளியே இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டினார். இருவரும் திரும்பவில்லை.

"வீணா எடுத்தியாக்கா?"

டாக்டர் குனிந்து துண்டை உருவினாள். தொட்டியில் போட்டுப் பிழிந்தாள். உள்ளே மரத்திருந்தது விட்டு, வலி தொடங்கிவிட்டது.

"உன்னோடது முரட்டு ரகம்டி. அன்னைக்கு முழுசா எடுக்காம விட்டிருந்தா, இன்னைக்கு இந்த ப்ளக்கைப் பிடுங்க ஆளே இருந்திருக்காது!"