நரிப்பெண்ணும் கீழே கிடந்த புத்தகங்களும்

பிறேமா கதவைத் திறந்ததுமே பக்கத்து வீட்டுத் தேனுஜா விம்மினாள்.

"அக்கா, எல்லாருக்கும் முன்னால என்னைக் கள்ளி எண்டு சொல்லிப்போட்டினம். இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள பொம்மையைக் குடுக்காட்டி அவுஸ்பில்டுங்கை நிப்பாட்டுவினமாம்!"

டுசெல்டோர்ஃப் நகரின் யப்பானியக் கடைத்தெருவில், சித்திரக்கதை உலகம்போல அலங்கரித்த தேநீர்க்கடை ஒன்றில் தேனுஜா 'அவுஸ்பில்டுங்' என்னும் தொழிற்பயிற்சி பெறுகிறாள். அங்கிருந்த, கையால் வர்ணம் தீட்டிய விலையுயர்ந்த நரிப்பெண் பொம்மையை நேற்றிலிருந்து காணவில்லை.

பிறேமாவுக்கு உச்சந்தலை கொதித்தது. காப்புறுதி நிறுவனமொன்றில் இழப்புகளை விசாரிக்கும் அவள் கணவர் தியாகராசாவோ, தேநீரைக் குடித்து முடித்தபின்தான் சப்பாத்தைத் தேடினார்.

"இஞ்சேருங்கோ, கெதியா வாங்கோ! ஆற அமர வெளிக்கிட இது கலியாண வீடே?"

"வாறன். கோபத்தை வீட்டில வைச்சிட்டு வாருமன்."

"ஏலாது!"

பூனைக்காது மாட்டிய இளைஞர்களையும், கண்ணும் மூக்கும் வரைந்த கேக்குகளையும் கடந்து மூவரும் கடைக்குள் போனார்கள். உரிமையாளர் பிராண்ட் அம்மையார் முகம் கொடுக்கவில்லை. மேலாளர் டோபியாஸ்தான் கமராப் பதிவைக் காட்டினான். பொம்மை இருந்த தட்டும் தரையும் மேசையின் மறைவில் இருந்தன. தேனுஜாவின் தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. அவள் குனிந்தாள், நிமிர்ந்து கையைக் கண்களுக்குக் கொண்டுபோனாள். டோபியாஸ் அங்கேயே பதிவை நிறுத்தினான்.

"கீழே கிடந்த புத்தகங்களை எடுப்பதுபோலக் குனிந்து பொம்மையை எடுக்கிறாள். பிறகு பதற்றத்தில் முகத்தைத் துடைக்கிறாள். நான் நேற்று அந்தப் பக்கமே போகவில்லை."

"துடைக்கவில்லை!" என்று பிறேமா ஜேர்மன் மொழியில் வெடித்தாள். "புத்தகத்தில் கால் பட்டால் நாங்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றுவோம். எங்களுக்குப் புத்தகம் சரஸ்வதி!"

"அழகான கதை" என்று டோபியாஸ் இளித்தான்.

தியாகராசா தேனுஜாவின் பக்கம் திரும்பினார். "பிள்ளை, புத்தகங்கள் வழமையா எங்க இருக்கும்?"

"தட்டில அண்ணை, பொம்மைக்கு முன்னால. நேற்று நான் வரேக்க நிலத்தில கிடந்தது, கால் பட்டிட்டுது. தொட்டுக் கும்பிட்டிட்டு அடுக்கினன். பொம்மை அப்பவே இல்லை. துடைக்க எடுத்திட்டினமாக்கும் எண்டு நினைச்சன்."

"இதை ஆருக்கும் சொன்னனீரோ?"

"எங்க அண்ணை, ஒருத்தரும் என்னை வாய் திறக்க விடேல்லையே!"

தியாகராசா நிதானமாக ஜேர்மன் மொழிக்கு மாறினார். "டோபியாஸ், பதிவில் தரை தெரியவில்லை. தேனுஜா யாருக்கும் சொல்லவில்லை. அவள் அடுக்கியபின் கீழே எதுவும் கிடக்கவுமில்லை. புத்தகங்கள் கீழே கிடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? பொம்மையை எட்டி எடுத்தவருக்குத்தான் அது தெரியும். அவர் கைதான் அவற்றைத் தட்டி விழுத்தியது."

பிராண்ட் அம்மையார் பதிவைப் பின்னோக்கி ஓட்டினார். தேனுஜா வருவதற்குச் சற்று முன், அதே மேசையின் பின்னால் டோபியாஸின் தலை தெரிந்தது.

"என்... என் காரில் இருக்கிறது" என்றபடி அவன் கதிரையில் சரிந்தான்.

பிறேமாவால் பொறுக்க முடியவில்லை. "இவளைக் கண்டதும் உங்களுக்குக் கள்ளி அகப்பட்டுவிட்டாள், அம்மா! அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்க்கத் தோன்றவேயில்லை. எல்லோருக்கும் முன்னால்தானே பழி சொன்னீர்கள்? மன்னிப்பையும் அங்கேயே கேளுங்கள்."

முகம் சிவக்க, பூனைக்காதுகள் எல்லாம் திரும்பிப் பார்க்க, பிராண்ட் அம்மையார் மன்னிப்புக் கேட்டார். பயிற்சி தொடரும் என்றும் சொன்னார்.

தேனுஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு குவளை தண்ணீர் எடுத்துவந்து டோபியாஸிடம் நீட்டினாள்.

"உவனுக்கோடி தண்ணி?" என்று பிறேமா சீறினாள்.

"கை நடுங்குது அக்கா, பாருங்கோ."

பிறேமாவின் கோபம் ஆறவில்லை. ஆனாலும், குவளை அவன் கையிலிருந்து நழுவியபோது விழாமல் பிடித்தவள் அவள்தான்.