பதினொரு நிமிடம், சொந்தக் கண்ணால்

காலைக் காபி ஆறுவதற்குள் நாச்சிமுத்துவின் பதிலி அறுநூற்றுப் பன்னிரண்டு குறும்படங்களைப் பார்த்து முடித்திருந்தது. நாற்பதுக்குச் சிரித்தது, இரண்டுக்கு அழுதது, எல்லாவற்றுக்கும் அவர் பெயரில் இதயக்குறி போட்டது. "இன்னைக்குப் புதுமையான படம் மூணு கெடச்சதுங்க. ரொம்ப ரசிச்சீங்க," என்று அவர் காதுக்குள் சொன்னது. நாச்சிமுத்து தலையாட்டினார். தான் ரசித்த மூன்று படங்களைப் பற்றி நண்பர்களிடம் சொல்வதற்காக வேலைக்குக் கிளம்பினார்.

செவ்வாய்க் கோளின் மருதம் குடியிருப்பில் இதெல்லாம் பல் துலக்குவது மாதிரி. ஊரையே மூடிய கண்ணாடிக் கவிகைக்குள் அறுபதாயிரம் பேர் வாழ்ந்தார்கள். அவர்களுடைய வலையில் தினமும் ஒன்பது லட்சம் படங்கள் ஏறின. சிலவற்றை மனிதர்கள் எடுத்தார்கள், மற்றதை இயந்திரங்கள் எடுத்தன. எது எது என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் பொழுதில்லை. அதனால்தான் ஆளுக்கொரு பதிலி. காதுக்குப் பின்னால் அரிசி அளவில் பதித்துவிடுவார்கள். உங்கள் ரசனையைக் கற்றுக்கொண்டு, உங்களுக்குப் பதில் அது பார்க்கும். நெகிழ வேண்டிய இடத்தில் நெகிழ்ந்து, உங்கள் குரலிலேயே பாராட்டும் அனுப்பும். துணியைச் சலவைக்குப் போட்டுவிட்டு மடித்து வாங்கிக்கொள்கிற மாதிரி, மக்கள் தங்கள் ரசனையை வாங்கிக்கொண்டார்கள்.

ஒரே தொல்லை, இடம். செவ்வாயில் மின்சாரம் குறைவு, நினைவுக்கிடங்கு அதைவிடக் குறைவு. வீட்டில் படம் சேமித்து வைக்க அனுமதி கிடையாது. ஆகவே சட்டம் ஒன்று போட்டார்கள். வலையேறிய மூன்று ஆண்டுக்குள் ஒரு மனிதராவது சொந்தக் கண்ணால் முழுதாகப் பார்க்காத படம் அழிக்கப்படும். ஒருவர் பார்த்தால் போதும், நிரந்தரம். பார்த்தாரா என்பதைக் கண்ணில் அணிந்திருக்கும் விழிவில்லை சொல்லிவிடும். இரண்டு விநாடிக்கு மேல் பார்வை விலகினால் விழிச்சான்று கிடையாது. உறவினர் பார்வை செல்லாது. பெற்றவர்கள் எல்லாம் சான்று கொடுக்கக் கிளம்பினால் கிடங்கு ஒரே வாரத்தில் நிரம்பிவிடும் என்று சட்டம் எழுதியவர்கள் பயந்தார்கள். பாவம், பெற்றவர்கள் தங்கள் பிள்ளைகளின் படங்களைப் பார்ப்பார்கள் என்று நம்பியிருக்கிறார்கள்!

நாச்சிமுத்துவின் மகள் நிறைமதிக்குப் பதிலி கிடையாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தாயில்லாமல் வளர்ந்த பெண், கொஞ்சம் பிடிவாதம். கவிகையின் விரிசல்களைப் பூசுகிற வேலை முடிந்து வந்ததும் வலையின் அடிமட்டத்துக்கு இறங்கி, யாரும் பார்க்காத படங்களைத் தோண்டி எடுப்பாள். ஒரு கிழவர் தன் பழைய செருப்போடு சண்டை போடும் படம். ஒரு செவிலி மருத்துவமனைக் கூரைகளை மட்டும் எடுத்து, கீழே இருப்பவர்களின் கதையைச் சொன்ன படம். முழுதாகப் பார்த்துச் சான்று கொடுத்து, எடுத்தவருக்கு மூன்று வரியும் எழுதுவாள். முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள் அவள் கண்ணால் பிழைத்தன.

"இத்தனையும் தேடிப் பாத்து என்ன கண்ணு பண்ணப்போற?" என்று நாச்சிமுத்து கேட்டிருக்கிறார்.

"யாராச்சும் பாக்கோணுமல்லப்பா."

அவளும் ஒரு படம் எடுத்தாள். பதினொரு நிமிடம். வலையில் ஏற்றியதும் முதலில் அப்பாவுக்குத்தான் அனுப்பினாள். அனுப்பிய நொடியே பதில் வந்தது: "பாத்துப்போட்டேன் கண்ணு. கடைசிக் காட்சியில அப்பா அழுதுட்டேன்." அன்று சாயங்காலம் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"நெசமாவாப்பா?"

பதிலியிடம் அரை நொடி விசாரித்துக்கொண்டு நாச்சிமுத்து சொன்னார்: "நெசமாத்தான் சாமி."

மறுநாளிலிருந்து அவர் காபி குடிக்கும்போதெல்லாம் எதிரே வந்து உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நான்கு மாதம் அப்படி உட்கார்ந்தாள். பிறகு ஒரு புழுதிப் புயலில் கவிகையின் வடக்குப் பக்கம் பிளந்தது. பூசப் போய்த் திரும்பாத ஏழு பேரில் அவள் ஒருத்தி.

இரண்டு ஆண்டு எட்டு மாதம் கழித்துக் கிடங்கிலிருந்து அறிவிப்பு வந்தது. அவளது படத்துக்கு விழிச்சான்று இல்லை, இன்னும் மூன்று நாளில் அழிக்கப்படும். அன்றுதான் நாச்சிமுத்து பதிலியை அணைத்துவிட்டு முதன்முறையாக அந்தப் படத்தைத் தன் கண்ணால் பார்த்தார்.

ஒரு சொட்டுத் தண்ணீரின் கதை அது. கேமரா அந்தச் சொட்டுக்கு உள்ளேயே இருந்தது. பிரசவ அறையில் ஒரு பெண்ணின் கண்ணிலிருந்து விழுந்த சொட்டு, துடைத்த துணி வழியாகக் குழாய்க்குள் போகிறது. அழுக்கும் வியர்வையும் மூத்திரமும் கலந்த இருட்டில் புரண்டு, மறுசுழற்சி ஆலைக்கு வருகிறது. நாச்சிமுத்து முப்பது ஆண்டாக வேலை பார்க்கும் அதே ஆலை. அங்கே சுத்தமாகி, குடியிருப்பின் தொட்டிகளில் அலைந்து, கடைசியில் ஒரு டம்ளர் காபியில் வந்து சேர்கிறது. அடியிலிருந்து பார்த்தால் மேலே பழுப்பு வட்டத்தில் ஒரு முகம். அவருடைய முகம். காதுக்குள் பதிலி சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருக்கிறது. படத்தில் முதலும் கடைசியுமாக ஒரு குரல் வருகிறது. "அப்பா, இங்க பாருங்க." முகம் திரும்பவில்லை. டம்ளர் சாய்கிறது. இருட்டு.

அவர் அழுததாகச் சொன்ன கடைசிக் காட்சி அதுதான். அவள் எதற்காக எதிரே வந்து உட்கார்ந்தாள் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. நெஞ்சு வெடித்துவிடும் போல அழுதார்.

கிடங்கு அதிகாரி ஜெசிந்தா நல்ல பெண்மணி. ஆனாலும் அதிகாரி.

"உங்க பார்வை செல்லாது சார். அப்பாவாச்சே."

"முப்பத்தெட்டாயிரம் இதயக்குறி விழுந்திருக்குதுங்களேம்மா!"

"அத்தனையும் பதிலிங்க போட்டது சார். பதிலிங்களுக்கு இந்தப் படம்னா உயிர்."

"அப்ப நீங்களாச்சும் பாருங்கம்மா. பதினோரு நிமிசந்தான்."

"கிடங்குல வேலை செய்யறவங்க பாத்தாலும் சட்டப்படி செல்லாது சார். வெளியாள் ஒரே ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க, போதும்."

நிறைமதி காப்பாற்றிய முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் எழுதினார். உங்கள் படத்தை என் மகள் பார்த்தாள், அவள் படத்தை நீங்கள் பாருங்கள் என்று கெஞ்சினார். அனுப்பிய விரலை எடுப்பதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பதில்கள் வந்து விழுந்தன. எல்லாமே உருக்கம். எல்லாருக்கும் கடைசிக் காட்சி மனதைத் தொட்டிருந்தது.

மூன்றாம் நாள் மதியம், அவரோடு ஆலையில் வேலை பார்க்கும் சகலை சாதிக் ஒரு வழி சொன்னான். நிறைமதியின் சித்தியைக் கட்டியவன், அதனால் அவன் பார்வையும் செல்லாது.

"பொதுச் சாப்பாட்டுக் கூடத்துச் செவுத்துல ஓட்டிருவோம்ணா. நானூறு பேர் உக்காந்திருப்பாங்க. ஒருத்தர்கூடவா பாக்க மாட்டாங்க?"

ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிட வேண்டும் என்றுதான் நாச்சிமுத்து நினைத்திருந்தார். படம் ஓட ஆரம்பித்தது. முன் வரிசையில் ஒருவர் தட்டோடு எழுந்தார். நாச்சிமுத்து சுவருக்கு முன்னால் ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டார். "போயிராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்! எம்பொண்ணு எடுத்ததுங்க. நா பாக்காமயே பாத்தேன்னு சொன்ன பாவிங்க. நீங்களாச்சும் பாருங்க..."

எழுந்தவர் உட்கார்ந்தார். நானூறு பேரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். நிறுத்தினால் எழுந்துவிடுவார்களோ என்று பயந்து அவர் பேசிக்கொண்டே இருந்தார். மகள் பிறந்தது, நடந்தது, கவிகை பிளந்தது எல்லாம் சொன்னார். நடுவில் மண்டியிட்டார், மறுபடி எழுந்தார். நானூறு பேரின் கண்ணும் அசையாமல் தன் பக்கமே இருப்பதைப் பார்த்தபோது, இத்தனை துக்கத்திலும் அவருக்கு ஒரு நிம்மதி வந்தது. பதினொரு நிமிடம் முடிந்து சுவர் வெளுத்தது. கூடம் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம்.

கிடங்குக்கு ஓடினார். ஜெசிந்தா கணக்கைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"ஒண்ணுகூட இல்ல சார்."

"எல்லாரும் வெச்ச கண்ணு வாங்காமப் பாத்தாங்களேம்மா! நா பாத்தனே!"

"பாத்தாங்க சார்," என்றாள் ஜெசிந்தா. சொல்லவே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "உங்களத்தான் பாத்தாங்க."

அவள் சொல்லி முடிக்கும்போதே கெடு முடிந்து படம் அழிந்தது.

சாதிக்குக்கு ஆற்றாமை. கூடத்தில் நடந்தது அவன் விழிவில்லையில் பதிவாகியிருந்தது. ஊர் வெட்கப்படட்டும் என்று அதை அப்படியே வலையில் ஏற்றிவிட்டான். ஊர் வெட்கப்படவில்லை. பதிலியை அணைத்துவிட்டுப் பார்த்தது. ஒரே வாரத்தில் ஐம்பத்தோராயிரம் விழிச்சான்று. மருதம் குடியிருப்பின் வரலாற்றில் அத்தனை மனிதர்கள் ஒரு படத்தைச் சொந்தக் கண்ணால் முழுதாகப் பார்த்ததே இல்லை. நிரந்தர இருப்புக்கு அது உடனே போய்ச் சேர்ந்தது. ஆண்டின் மிகப் புதுமையான குறும்படம் என்று தேர்வுக்குழு அறிவித்தது. நாயகனின் முதுகுக்குப் பின்னால் மங்கலாக ஓடும் ஒளியமைப்பு தனிச்சிறப்பு என்று குறிப்பும் எழுதியது.

தெருவில் முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் நாச்சிமுத்துவின் கையைப் பிடித்தார்கள். "கண்ணைச் சிமிட்டாமப் பாத்தனுங்க. ரெண்டு தடவை," என்றார் ஒருவர். "அடுத்த படம் எப்பங்க?" என்று கேட்டது ஒரு புதுமணத் தம்பதி.

ஒரு ஓய்வு நாளில், கூடம் காலியாக இருந்த நேரம் பார்த்து, அந்தப் படத்தைச் சுவரில் ஓட்டிவிட்டு நாச்சிமுத்து முன் வரிசையில் உட்கார்ந்தார். சுவரில் ஒரு வயதான ஆள் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அவருடைய இடது தோளுக்கு மேலே ஒரு சாண் இடத்தில் வேறு ஏதோ வெளிச்சம் ஓடியது. ஒரு துணியின் ஓரம் தெரிந்த மாதிரி இருந்தது. ஒரு குழாயின் வளைவு. நாச்சிமுத்து இடது பக்கம் சாய்ந்து பார்த்தார். எழுந்து போய், சுவரை ஒட்டி நின்று, கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்தார்.

"அக்கட்டால நகரய்யா," என்றார். "எம்பொண்ணு படம் மறைக்குது."

சுவரில் இருந்தவர் அழுதுகொண்டே எல்லாரையும் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நகரவில்லை.