சுவருக்கு அந்தப் பக்கத்துத் திரை

ஒரு பெண்ணின் அந்தரங்கத்துக்கு விலை பதினான்கு யூரோ. பத்து மீட்டர் கேபிள் எங்கள் ஊரில் அந்த விலைக்குத்தான் போகிறது. பேரம் பேசத் தெரிந்தவனுக்குப் பன்னிரண்டு. வீபேவுக்குப் பேரம் பேசத் தெரியும்.

வீபே போன இலையுதிர்காலத்தில் செத்துப்போனான். அவனை அடக்கம் செய்ய வந்த கூட்டத்தை என் வண்டியில் ஏற்றியிருந்தால், பின்சீட்டு காலியாகவே இருந்திருக்கும். அப்படிப்பட்ட மனிதன்.

இரண்டு மாதம் கழித்து, அவன் மனைவி சீட்ஸ்கே ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னைக் கூப்பிட்டாள். கணினியைப் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கிறதாம். பழுது பார்ப்பது என் பிழைப்பு. பக்கத்து நகரமான லேவார்டனின் சந்தையில் துணி விற்ற குடும்பத்தில் பிறந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமைக்கு இரட்டைக் கூலி கேட்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்டேன்.

"தர்றேன், வா டௌவே" என்றாள்.

எங்கள் ஊரில் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்கிறவர் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லை பயந்திருக்க வேண்டும்.

எங்கள் துறைமுக ஊரான ஹார்லிங்கன் முழுக்க மூடுபனி. கடல் பின்வாங்கிய சேற்றின் வாடை அவள் வீட்டு வாசல்வரை வந்து நின்றிருந்தது. காபி கொடுத்தாள், ஒரு பிஸ்கட் கொடுத்தாள், டப்பாவை மூடினாள். ஆளுக்கு ஒன்றுதான்; அந்தமட்டில் ஊர் வழக்கம் மாறவில்லை.

"மூணு மணிக்கு நிங்கே கூப்பிடுவாப்பா. அதுக்குள்ள சரி பண்ணிடு."

நிங்கே அவள் ஒரே மகள். அப்பனோடு ஒத்துப்போகாமல் கனடாவுக்குப் போனவள்.

"ஒரு தடவை தவறினா அடுத்த வாரம் பேசிக்கலாமே, சீட்ஸ்கேம்மா."

"அடுத்த வாரம் கிடையாது. இதுதான் கடைசின்னு என் தங்கச்சிகிட்ட சொல்லி அனுப்பியிருக்கா. நான் அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டே கண்டபடி திட்டுறேனாம். டௌவே, நான் அவகிட்ட பேசியே ரெண்டு வருஷமாச்சு!"

"ஃபோன் பண்ணிச் சொல்ல வேண்டியதுதானே?"

"நம்பர் எல்லாத்தையும் வீபே கிழிச்சு அடுப்புல போட்டான். புது நம்பரை எனக்குக் கொடுக்கக் கூடாதுன்னு நிங்கே என் தங்கச்சிகிட்டயும் சொல்லியிருக்கா. இந்தப் பெட்டி ஒண்ணுதான் வழி."

பெட்டி மேசைக்கடியில், வீபே சுவரோடு சேர்த்துத் திருகி வைத்த மர அலமாரிக்குள் இருந்தது. பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது. ஒரே ஒரு 'பீப்'. அதாவது, உள்ளே எல்லாம் நலம். திரையின் விளக்கு எரிந்தது, படம் வரவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டினேன். வேறு கேபிள் போட்டேன். வண்டியிலிருந்து என் திரையையே கொண்டுவந்து வைத்தேன்.

அதுவும் கறுப்பு. அதற்குள் மணி மூன்றாகிவிட்டது.

சீட்ஸ்கேவுக்குப் பொறுமை போய்விட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, திரையை நேராகப் பார்த்து ஆரம்பித்தாள். "சனியனே! உனக்காக எவ்வளவு அழுதிருக்கேன்! நீ எனக்கு வேண்டவே வேண்டாம். உன்னத் தூக்கிக் குப்பையில போட்டாத்தான் நிம்மதி!"

"எப்பவும் இப்படித்தான் திட்டுவீங்களா?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போடறேன், ஒவ்வொரு வாட்டியும் கறுப்பு. வேற யாரைத் திட்ட?"

சிரிக்கப் போனேன். அப்போதுதான் திரையின் தலையில் இருந்த கேமரா கண்ணில் பட்டது. அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

யாரோடாவது பேசும்போது மட்டும் எரியும் விளக்கு அது.

சுவருக்குப் பின்னால் மெல்லிய விசும்பல் கேட்டது.

"பக்கத்து வீட்டு டிவி," என்றாள் சீட்ஸ்கே. "ஞாயித்துக்கிழமையானா யாராவது அழுவாங்க."

நான் குப்புறப் படுத்து அலமாரிக்குப் பின்னால் கையை நுழைத்தேன். விரலில் இன்னொரு கேபிள் தட்டியது. பெட்டியிலிருந்து கிளம்பி, சுவரில் போட்ட ஓட்டைக்குள் போயிற்று.

"அந்தப் பக்கம் என்ன?"

"வீபேயோட அறை." அவள் குரல் இறங்கிவிட்டது. "நான் உள்ள போனதில்ல. போகக் கூடாதுன்னு சொல்லியிருந்தான்."

"அவர் செத்துட்டாரும்மா."

"தெரியும்ப்பா. பழக்கம் சாகலையே."

சாவி நிலைக்கு மேலேயே இருந்தது. கதவைத் திறந்ததும் வீபேயின் சுருட்டு வாடை முகத்தில் அடித்தது. பழைய வாடை அல்ல, புதிது.

ஒரு நாற்காலி. அதற்கு எதிரே ஒரு திரை. மனைவி யாருக்கு என்ன எழுதுகிறாள், யாரைப் பார்க்கிறாள் என்று உட்கார்ந்து பார்க்க வீபே வைத்துக்கொண்ட திரை. படமும் ஒலியும் முதலில் அங்கேதான் போகும்படி செய்து வைத்திருக்கிறான்.

அதன் மின்சார ஒயர் தரையில் கிடந்தது. எதிலும் செருகவில்லை.

திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அதில் நிங்கே. கண்கள் வீங்கியிருந்தன. மூலையில், சிறு சதுரத்தில், அவள் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி: நாங்கள் விட்டுவந்த முன்னறை, காலி நாற்காலி.

"எழுந்தே போயிட்டியாம்மா?" என்றாள் நிங்கே. "குப்பையில போடணுமா என்ன? போடு."

"நிங்கே!" சீட்ஸ்கே திரையைப் பிடித்து உலுக்கினாள். "உன்ன இல்லடி! மெஷினத் திட்டினேன்டி!"

"இங்க பேசினா கேக்காது! மைக் அங்க இருக்கு, ஓடுங்க!" என்று கத்தினேன்.

எழுபது வயசுக் கால்கள். அவள் கதவைத் தாண்டுவதற்குள் திரையில் அம்புக்குறி நகர்ந்தது. அந்த அறையில் மவுஸே கிடையாது. அம்பு சாவகாசமாகப் போய்ச் சிவப்புப் பொத்தானில் நின்றது. நிங்கே மறைந்தாள்.

நாற்காலியின் இருக்கையைத் தொட்டுப் பார்த்தேன்.

சூடாக இருந்தது.

முன்னறைக்குத் திரும்பி அந்தக் கேபிளைப் பிடுங்கினேன். உடனே சீட்ஸ்கேயின் திரையில் படம் வந்தது, ஒன்றுமே நடக்காததுபோல. வந்த அழைப்புகள் வரிசையாகத் தெரிந்தன. வீபேயை அடக்கம் செய்த பிறகு வந்தவை ஒன்பது. ஒன்பதுக்கும் நேரே 'எடுக்கப்பட்டது' என்றிருந்தது.

சீட்ஸ்கே அந்த வரிசையிலிருந்தே மகளை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"உயிரோட இருக்கறப்ப பேச விடல," என்றாள், யாரிடமும் இல்லாமல். "செத்தும் திட்ட வச்சிருக்கான். கெட்டிக்காரன்."

பிடுங்கிய கேபிளைக் கையில் சுருட்டினேன். அப்போது திரையில் நிங்கேயின் பெயர் மின்னியது.

"அவதான்! திரும்பக் கூப்பிடுறா டௌவே!" சீட்ஸ்கே சிரித்தேவிட்டாள். மவுஸை நோக்கிக் கையை நீட்டினாள்.

திரை கறுத்தது.

மணிச் சத்தம் சுவருக்குப் பின்னால் போய்விட்டது. நாற்காலி கிறீச்சிட்டது, கனமான ஆள் உட்கார்ந்ததுபோல. மணி நின்றது.

"நிங்கே, கேக்குதா? நிங்கே!"

இந்த முறை கேமராவின் பச்சை விளக்கு எரியவே இல்லை. பிடுங்கிய கேபிள் என் கையில்தான் இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் நிங்கேயின் குரல் கேட்டது, ரொம்பச் சின்னதாக.

"அப்பா?"

வந்தவை பத்து. எடுக்கப்பட்டவை பத்து. சீட்ஸ்கே எடுத்தது ஒன்றுகூட இல்லை.