வாத்து போகட்டும்

குத்தாலத்தில் ஆண்டனி மாமாவின் வேலை என்னவென்று யாருக்கும் சரியாக விளங்கியதில்லை. காலையிலிருந்து மாடியறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். கேட்டால், "கேம் செய்றேன்" என்பார். "கேம் விளையாடுறதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க?" என்று தெருவே கேட்டு ஓய்ந்துவிட்டது.

அவருடைய அக்கா மகள் விண்ணரசிக்கு மட்டும் நன்றாக விளங்கும். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். மாமா செய்த 'கோட்டை மாறன்' விளையாட்டில் அவளும் இருக்கிறாள்.

மாறன் குதிரையில் வரும் வீரன். சேற்றுப் பூதத்தோடு வாள் வீசிச் சண்டை போடுவான். வழியில் சிட்டு என்ற பெண் வாத்துக் கூட்டத்தோடு சாலையைக் கடப்பாள். மாறனுக்கு எவ்வளவு அவசரம் இருந்தாலும் குதிரை நின்றுதான் ஆகவேண்டும். சிட்டு அவனை நிமிர்ந்து பார்த்து, "அண்ணே, வாத்து போகட்டும். அப்புறம் நீங்க போங்க" என்பாள்.

சிட்டுவுக்கு அந்த ஒரு வரிதான். அது விண்ணரசியின் குரல். வெளிச்சத்தம் கேட்கக் கூடாது என்று பீரோவுக்குள் தலையை விட்டுப் பேசினாள். அப்படியும் சமையலறைக் குக்கர் விட்ட விசில் சேர்ந்து பதிவாகிவிட்டது. விளையாடியவர்கள் அதைப் பூதத்தின் மூச்சு என்று நினைத்துக்கொண்டார்கள். மாமாவும் மறுக்கவில்லை.

இரண்டு வருடம் போனது. விளையாடிய பிள்ளைகள் மாறனைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, சிட்டு யார், வாத்துகளை எங்கே ஓட்டிப் போகிறாள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். மாமாவும் சென்னையில் இருக்கும் அவருடைய இரண்டு நண்பர்களும் கூடிப் பேசினார்கள். அதே விளையாட்டோடு இன்னொரு கதையைச் சேர்ப்பது என்று முடிவானது. அதில் சிட்டுதான் கதாநாயகி.

விண்ணரசி வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். அவள் தோழி ஃபெபி ஆட்டோகிராப் கூட வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் மாடி ஏறும்போதே மாமாவின் அறையிலிருந்து இடி மாதிரி ஒரு குரல் கேட்டது.

"முன்னேறுங்கள், என் வாத்துப் படையே!"

"யாரு மாமா இது?"

மாமா காதைச் சொறிந்தார். "சென்னையில ஒரு அக்கா. சினிமாவுக்கெல்லாம் டப்பிங் பேசுறவங்க. சிட்டு இப்ப ஹீரோயின் இல்லையா... குரல் கொஞ்சம் கம்பீரமா இருக்கட்டும்னு ஃப்ரெண்ட்ஸ் சொன்னாங்க விண்ணு."

"அப்ப நானு?"

"பழைய கேம்ல நீதானே. அது அப்படியே இருக்கும்."

விண்ணரசி "சரி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஒரு வரி பேச அவள் போதும், கதை பெரிதானதும் போதாது என்றால் யாருக்குத்தான் வலிக்காது? திங்கட்கிழமை ஃபெபியின் முகத்தில் எப்படி விழிப்பது?

சாயங்காலம் மாமாவே இறங்கி வந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"விண்ணு, கொஞ்சம் விளையாடிப் பாரேன். யாராலயும் முதல் கட்டத்தையே தாண்ட முடியல. எங்க தப்புன்னு தெரியல."

மாட்டேன் என்ற சொல் அவள் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் சிட்டு தோற்றுப்போய் நிற்பதையும் அவளால் தாங்க முடியவில்லை. மாடி ஏறினாள்.

திரையில் சிட்டு கையில் வாளோடு முன்னால் நடந்தாள். வாத்துகள் பின்னால் வந்தன. கொஞ்ச தூரத்தில் ஒரு வாத்து வயலில் இறங்கியது. இன்னொன்று வாய்க்காலுக்குப் போனது. "முன்னேறுங்கள்!" என்று சிட்டு கர்ஜித்தாள். மிச்சமிருந்தவையும் சிதறி ஓடின. ஆட்டம் முடிந்தது.

"வாத்து என்னமோ நிஜ வாத்து மாதிரியேதான் இருக்கு" என்றாள் விண்ணரசி. "ஆனா சிட்டு ஏன் முன்னாடி நடக்கிறா?"

"பின்ன? வாத்து ஓட்டுறவரு முன்னாடிதானே கம்பைத் தூக்கிக்கிட்டு நிப்பாரு? எத்தனை தடவை பைக்கை நிறுத்திட்டு நின்னுருக்கேன்!"

"ஐயோ மாமா, அவரு பஸ்ஸை நிறுத்துறவரு. வாத்தை ஓட்டுறவரு பின்னாடி வருவாரு."

"பின்னாடியா?"

மாமா குத்தாலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் வாத்துக் கூட்டத்தை எப்போதும் எதிரே பைக்கில் நின்றுதான் பார்த்திருக்கிறார். கொஞ்சம் வழி கிடைத்தால் போதும், பறந்துவிடுவார். விண்ணரசி சைக்கிளில் போகிறவள். பள்ளிக்கூடம் போகும் வழியில் கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்திருக்கிறாள்.

"நாளைக்கு வாங்க, காட்டுறேன்" என்றாள்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் இருவரும் வாய்க்கால் பக்கம் போனார்கள். சம்பா அறுவடை முடிந்த வயலில், மெஷின் சிந்திவிட்டுப் போன நெல்லைத் தங்கையனின் வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. சாலைக்கு அந்தப் பக்கத்து வயலுக்கு அவற்றை மாற்ற அவர் கம்பை எடுத்துக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு ஆசை விடவில்லை. பையிலிருந்து சின்ன ஸ்பீக்கரை எடுத்தார். "ஒரே ஒரு தடவை. சும்மா பாப்போம்."

"முன்னேறுங்கள், என் வாத்துப் படையே!"

படை முன்னேறவில்லை. மொத்தமாகக் கிளம்பி வாய்க்காலில் குதித்தது.

"சார்!" என்று தங்கையன் அலறினார். "யாரு சார் அந்த அம்மா? முதல்ல அவங்களை நிறுத்துங்க!"

மாமா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, வாத்துகளை மறிப்பதற்காக முன்னால் ஓடினார். வாத்துகள் இன்னும் தள்ளிப் போயின. மாமா வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தார்.

விண்ணரசி செருப்பைக் கழற்றினாள். சுற்றிக்கொண்டு போய், எல்லா வாத்துகளுக்கும் பின்னால் வாய்க்காலில் இறங்கினாள். தண்ணீர் முழங்கால் அளவுதான். கைகளை விரித்து, "தா... தா..." என்று மெல்லச் சொன்னபடி நடந்தாள். முன்னால் போனவற்றைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. கடைசியில் ஒரு நொண்டி வாத்து வந்தது. அது நின்றபோது அவளும் நின்றாள். அது நகர்ந்தபோது அவளும் நகர்ந்தாள்.

கூட்டம் கரையேறிச் சாலைக்கு வந்தது. தங்கையன் ஓடிப்போய்க் கம்பைத் தூக்கி ஒரு மினி பஸ்ஸை நிறுத்தினார். சேறு சொட்டச் சொட்ட மாமா விண்ணரசியின் பக்கத்தில் நடந்தார். வாத்துக் கூட்டத்தின் முதுகை அவர் முதன்முறையாகப் பார்த்தார்.

"சின்னக் குரலுக்குத்தான் போகுது" என்றார் மெதுவாக.

"வாத்துக்குச் சத்தம் ஆவாதுங்க" என்றார் தங்கையன். அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மாமா சொன்னார். "சிட்டுவைப் பின்னாடி கொண்டுபோறேன். வாளையும் பிடுங்கிடுறேன். நீயே பேசிடு விண்ணு. நேத்து நான் பண்ணினது தப்பு."

விண்ணரசிக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. இரண்டடி குதித்தும்விட்டாள். பிறகு நின்றாள்.

"அப்ப சென்னை அக்கா பேசினது வீணாப் போயிடுமே? பாவம் மாமா."

"அதான் யோசிக்கிறேன்."

"பூதத்துக்குப் பேசச் சொல்லுங்களேன். அந்தக் குரலைக் கேட்டு வாத்தே ஓடுச்சு. குக்கர் விசிலை விட நல்லா இருக்கும்."

மாமா தயங்கித் தயங்கித்தான் போன் செய்தார். அந்த அக்கா வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இத்தனை வருடத்தில் ராணியும் மாமியாருமாகவே பேசியாகிவிட்டது, ஒருவரும் பூத வேஷம் தரவில்லை என்று சொல்லி உடனே ஒப்புக்கொண்டார்கள்.

நண்பர்கள்தான் முணுமுணுத்தார்கள். "ஹீரோயின் போய்க் கடைசியில நடக்கிறதா?" புதிய முதல் கட்டத்தை மாமா அனுப்பிவைத்தார். அன்று பொழுது சாயும்வரை இருவரும் அதையே விளையாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் கட்டம் எப்போது வரும் என்றுதான் அடுத்த போன் வந்தது.

அடுத்த ஞாயிறு பதிவு. ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து வைத்தார்கள். "பேசி முடிக்கிற வரைக்கும் குக்கர் வைக்க மாட்டேன். சோறு லேட்டானா என்னைக் கேக்காதீங்க" என்றாள் அம்மா ரோஸ்லின். ஃபெபியும் வந்து, மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். விண்ணரசி பீரோவுக்குள் தலையை விட்டுப் பக்கம் பக்கமாகப் பேசினாள்.

கடைசியாக மாமாவின் முறை வந்தது. மாறனின் குரல் அவருடையதுதான். நண்பர்கள் எழுதி அனுப்பியிருந்த வசனத்தை எடுத்துப் படித்தார். 'சிட்டு, நான் போகலாமா?' என்று இருந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை.

"என்ன இது, எனக்கு ஒரு வரிதானா?"

"ரெண்டு வருஷமா எனக்கும் ஒரு வரிதான் மாமா" என்றாள் விண்ணரசி. "தலையை உள்ள விடுங்க."